ஏழாம் இலக்கத்தைக் கொடுத்து நெட்டையனை வாங்குவது

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். ஏழாம் இலக்கத்தைக் கொடுத்து நெட்டையனை வாங்குவதா, வேண்டாமா? காலையில் இவர் சவரம் செய்தபடியே குளியலறையிலிருந்து தொடங்குவார். மாலையில் மதராஸ் நண்பர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடர்வார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பேன். அந்த இரண்டு விளையாட்டுக்காரரில் ஒருவரோடுகூட நாங்கள் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. அப்படியிருந்தும் அவர்களைத் தேத்தண்ணிக் கோப்பைகளைப் போல மேசையில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தோம். நகர்த்தியது ஆண்கள், மறுத்தது நான். ஆனால் கடைசியில் எல்லோரையும்விடப் பெரிய பிழையைச் செய்தவள் நான்தான்.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து அப்போது இரண்டு வருடம். இவர் ரயில் பட்டறையில் மின்பொறியியலாளர். எனக்கு நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. ஃபுட்ஸ்கிரேயில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள். தெருவில் ஒரு நாய்கூட இராது. ஒரு சனிக்கிழமை, குளிர் தாங்காமல் நடக்கப் புறப்பட்டபோது, தெருமுனையில் பழைய கம்பளிக் கிட்டங்கி ஒன்றுக்குள்ளிருந்து பெரிய கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். உள்ளே கூடைப்பந்து. தகரக் கூரை, மரத்தளம், இரண்டு பக்கமும் பலகை வாங்குகள், ஒரு மூலையில் சூப் விற்கும் மேசை. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இவரும் விளையாடியவர். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து மட்டும் விளையாடியவள். எங்கள் ஆட்டத்தில் பந்தோடு ஓடக்கூடாது. அன்று முதல் அரைமணி நேரம், எல்லோரும் பிழை விடுகிறார்கள், மத்தியஸ்தர் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அங்கேதான் மதராஸ் நண்பரையும் சந்தித்தோம். எங்களுக்குப் பின்னால் இருந்த வாங்கிலிருந்து, "அய்யோ, விட்டுட்டானே!" என்று ஒரு சத்தம். இவர் திரும்பிப் பார்த்தார். அவரும் பார்த்தார். அந்தக் கொட்டகைக்குள் தமிழ் கேட்டது இரண்டு பேருக்கும் அதிசயம். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்தார், தனிக்கட்டை, எங்களைவிட நாலைந்து வயது இளையவர். இவரை 'சார்' என்றும் என்னை 'அக்கா' என்றும் கூப்பிடத் தொடங்கினார். அதன்பிறகு சனிக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இரண்டாம் மாதம் புள்ளி எழுதுகிற பெண்ணுக்குக் கை முறிந்தது. கழகத் தலைவர், ஒரு இரும்புச் சாமான் கடைக்காரர், வாங்குகளைப் பார்த்து, "யாருக்காவது எழுத்து அழகா?" என்று கத்தினார். இவர் என்னைக் காட்டினார். அன்றிலிருந்து நான் மேசையில். பெரிய தாளில் ஒவ்வொருவர் இலக்கத்துக்கும் நேரே புள்ளியையும் பிழையையும் குறிக்க வேண்டும். ஒரு பக்கம் மணிக்கூட்டுக்காரர், மறுபக்கம் நான். ஆட்டக்காரர் ஓடிவந்து என் மேசைக்கு முன்னால் வியர்வை சொட்ட நிற்பார்கள். அங்கிருந்து பார்த்தால் வாங்கிலிருந்து தெரியாத பல விஷயங்கள் தெரியும்.

ஏழாம் இலக்கத்தை நான் அப்படித்தான் கவனித்தேன். குள்ளமான இடதுகை வெள்ளைக்காரன், காது இரண்டும் சிவந்த பள்ளிக்கூடப் பையனைப் போன்ற முகம், ஆனால் வயது இருபத்தெட்டுக்கு மேலே. தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. பந்தை எங்கள் பக்கத்திலிருந்து எதிரணியின் கூடைவரை கொண்டுபோவது முழுக்க அவன்தான். அவனே கூடையில் போடுவது குறைவு. ஆனால் மற்றவன் போடுகிற பந்து எப்போதும் அவன் கையிலிருந்துதான் போயிருக்கும். தாளில் அதற்கு இடமில்லை. போட்டவன் பெயருக்கு நேரே இரண்டு புள்ளி, கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது மனதை அறுத்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குத்துகள் போடத் தொடங்கினேன். அவன் கொடுத்து விழுந்த கூடைக்கெல்லாம் ஒரு குத்து.

அந்த வருடம் எங்கள் அணி அரையிறுதிக்குப் போகவும் முடியாமல், கீழே விழவும் செய்யாமல் நடுவில் கிடந்தது. தோற்பதெல்லாம் ஒரே மாதிரித்தான். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்க எங்களிடம் உயரமான ஆள் இல்லை. கிழக்குப் பக்கக் கழகம் ஒன்றில் ஒரு நெட்டையன் இருந்தான். அங்கே இரண்டு நெட்டையர்கள் இருந்ததால் இவனுக்கு விளையாடக் கிடைப்பது குறைவு. அவர்களுக்குப் பந்து கொண்டுபோக ஆள் வேண்டும். ஆகவே மாற்றலாம் என்று யாரோ சூப் மேசையில் ஒரு பேச்சை விட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் 'ட்ரேட்' என்று அமெரிக்கச் செய்தி பார்த்துச் சொல்கிறார்கள். அப்போது எங்கள் ஆட்டக்காரருக்குச் சம்பளமே இல்லை. ஆனால் ஒருவன் கழகம் மாறுவதென்றால் பழைய கழகம் 'கிளியரன்ஸ்' என்று ஒரு விடுவிப்புக் கடிதம் எழுதி, எல்லாக் கழகங்களுக்கும் மேலான சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். பருவத்தின் நடுவில் அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதைத் தவறவிட்டால் ஆள் அடுத்த வருடம்வரை அசைய முடியாது. உன் ஆளுக்கு நான் கடிதம் தருகிறேன், என் ஆளுக்கு நீ தா என்று இரண்டு கழகமும் பேசிக்கொள்வதுதான் எங்கள் ட்ரேட்.

அந்தப் பேச்சு விழுந்ததுதான் தாமதம், ஆண்களுக்குப் பைத்தியம் பிடித்தது.

"ஹைட் இல்லாம என்ன சார் பண்றது? பந்து எல்லாம் தலைக்கு மேல போகுது," என்பார் மதராஸ் நண்பர்.

"அதுதானே தம்பி நானும் சொல்லுறன். ஏழாம் இலக்கத்தை விட்டா வேற ஆரும் பந்தைக் கொண்டுபோவினம். நெட்டையை ஆர் தருவினம்?" என்பார் இவர்.

நான் குசினியிலிருந்து வருவேன். "ஆர் கொண்டுபோவினம்? பேரைச் சொல்லுங்கோ பாப்பம். போன கிழமை அவன் பிழை விட்டு வெளியில வந்து இருந்த நேரம் என்ன நடந்தது? நாலு தரம் பந்தைப் பறிகுடுத்தவை."

"அது அண்டைக்கு."

"எல்லா நாளும் அப்பிடித்தான். நான் தாளில போட்டு வச்சிருக்கிறன்."

தாளைக் கொண்டுவந்து காட்டினேன். இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது என்ன குத்து?"

"அவன் குடுத்து விழுந்த கூடை."

"இதெல்லாம் கணக்கில வராது, இஞ்சாரும். புள்ளிதான் கணக்கு."

மதராஸ் நண்பருக்கு என்னைப் பகைக்க மனமில்லை. "அக்கா சொல்றதும் சரிதான். ஆனா ஹைட் வேணும்ல," என்று சோற்றைப் பிசைந்தார். ஒவ்வொரு முறையும் அவர் 'அக்கா சொல்றதும் சரிதான்' என்று தொடங்குவார், 'ஆனா' என்று முடிப்பார். அந்த 'ஆனா'வைக் கேட்டால் எனக்கு உச்சியில் ஏறும்.

ஒரு ஞாயிறு அவருக்குக் கார் ஓட்டப் பழக்க ட்ருகனினாப் பக்கம் போனோம். அப்போது அங்கே வீடு கிடையாது. கல் வேலியும் முட்செடியும் செம்மறியும்தான். ஸ்டியரிங்கில் அவர், பக்கத்தில் இவர், பின்னால் நான். நேர்ரோட்டில் போகும்போது இவர், "நெட்டைக்கு முழங்காலில நோவாம் எண்டு கேள்விப்பட்டன்," என்றார்.

"யார் சொன்னது சார்? அவனப் பாத்த டாக்டர் எங்க ஆஸ்பத்திரிதான். முழங்கால் நல்லாத்தான் இருக்கு!" என்று நண்பர் முழுதாகத் திரும்பிவிட்டார். கார் நேரே வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. நான் சேறு ஒட்டிய சேலையோடு வெளியே ஏறி நின்று பார்க்கிறேன். இரண்டு பேரும் சாய்ந்த காருக்குள் இருந்தபடி இன்னும் முழங்காலைப் பற்றியே வாதாடுகிறார்கள். ஒரு பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துவிடும்வரை அந்த வாதம் ஓயவில்லை.

கொட்டகையிலும் அதே நிலைதான். தலைவரிடம் ஒருநாள் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எல்லாப் பெண்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது என் நினைவில் இப்படித்தான் இருக்கிறது: "லவ், உன் எழுத்து ரொம்ப அழகு. நீ தாளைப் பார்த்துக்கொள். ஆட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் இவரும் ஒருவர். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று நான் சமைக்கவில்லை. பாணும் வெண்ணெயும் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஜூலை முடிவில் ஒரு செவ்வாய் மாலை கழகக் கூட்டம். குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். கிழக்குக் கழகம் சம்மதித்துவிட்டது. இரண்டு கடிதமும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். யாருக்காவது மறுப்பு உண்டா?

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு உண்டு," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு தலைவர் அன்பாகவே சொன்னார், "லவ், நீ குறிப்பெடுக்க வந்திருக்கிறாய்." ஏழு கைகள் உயர்ந்தன. எண்ணி எழுதினேன். கூட்டம் முடிந்ததும் அவர் தன் கையால் எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு உன் கந்தோரில் நல்லா டைப் செய்து தபாலில் போட்டுவிடு. உன் டைப்பிங் பார்த்தால் அந்தச் சங்கத்துக்காரர் எழுந்து நிற்பார்கள்."

புதன்கிழமை மத்தியான இடைவேளையில் அதைத் தட்டினேன். நாலு வரி. இன்னார் எங்கள் கழகத்தின் கடப்பாடு எதுவுமின்றி விடுவிக்கப்படுகிறார். காபன் பிரதியோடு எடுத்து, உறையில் இட்டு, முத்திரை ஒட்டினேன். கந்தோர் வாசலிலேயே சிவப்புத் தபால்பெட்டி. அதன் முன்னால் நின்றேன். கையை நீட்டினேன். திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். பின்னேரம் போடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரமும் போடவில்லை. வீட்டில் இவர் கேட்டார், "கடிதம் போட்டீரோ?"

"ஓம், போட்டிட்டன்."

அவ்வளவு இலகுவாக அந்தப் பொய் வந்தது. கலியாணமாகி ஐந்து வருடத்தில் நான் இவருக்குச் சொன்ன முதல் பெரிய பொய். வியாழக்கிழமையும் கைப்பைக்குள் கிடந்தது. ரயிலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கையில், உள்ளே ஏதோ உயிருள்ள பொருள் இருப்பதுபோல இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு திருப்தி. பத்து வாரமாக வாய் திறந்தும் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது வாய் திறக்காமலே வெல்லப்போகிறேன். ஏழாம் இலக்கம் என்னால் காப்பாற்றப்பட்டான் என்று நினைத்தேன். பாவம், அவனுக்கே தெரியாமல் அவனைக் கொடுக்கப் பார்க்கிறார்கள், நான் ஒருத்தியாவது அவன் பக்கம் நிற்கிறேன் என்று.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது, ஐந்தேகால் மணிக்கு, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன்.

அடுத்த புதன்கிழமைதான் செய்தி தெரிந்தது. சங்கத்திலிருந்து தலைவருக்குத் தொலைபேசி. கிழக்குக் கழகத்தின் கடிதம் வந்தது, உங்களுடையது பிந்தி வந்தது, சட்டம் சட்டந்தான், இரண்டு மாற்றமும் ரத்து. நெட்டையன் கோபத்தில் அந்தப் பருவமே விளையாடமாட்டேன் என்று போய்விட்டானாம்.

"நீர் புதன் போட்டனீர்தானே?" என்றார் இவர்.

"ஓம்."

"அப்ப தபால்காரர்தான். இந்த நாட்டுத் தபாலை நம்பி..." என்று தொடங்கி, அரைமணி நேரம் திட்டினார். மதராஸ் நண்பர், "ஒரே ஊருக்குள்ள மூணு நாள்ல வரலையா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ரசம் இறக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை கொட்டகைக்குள் நுழையும்போதே சத்தம் வேறுமாதிரி இருந்தது. சூப் மேசையில் நின்ற ஒருவர் பகிடியாகத்தான் ஆரம்பித்தார். "நம்ம ஏழாம் இலக்கம் எங்கே வேலை? தபால் பிரிக்கிற இடத்தில்! தன் கடிதத்தைத் தானே எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது ஆள் அதையே சிரிக்காமல் சொன்னார். ஆட்டத்தின் பாதியில், பின்வாங்கில் அது உண்மையாகிவிட்டது. அவன் பந்தைத் தவறவிட்டபோது ஒருவர், "கடிதம் எங்கேடா?" என்று கத்தினார். அவன் திரும்பிப் பார்த்தான். காது இன்னும் சிவந்தது. எனக்கு முன்னால் வந்து நின்றபோது நான் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்று தாளின் ஓரத்தில் ஒரு குத்துக்கூட இல்லை. அவன் கொடுத்த பந்தெல்லாம் ஆளுக்குப் பின்னாலே போனது.

அதோடு நின்றிருந்தால்கூட நான் வாய் திறந்திருப்பேனோ தெரியாது. திங்கட்கிழமை தலைவர் கோபத்தில் அவன் வேலைத்தலத்து மேலாளருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். உங்கள் ஆள் ஒரு கடிதத்தை மறைத்ததாகச் சந்தேகம் என்று. தபால் வேலையில் அது சின்ன விஷயமில்லை. அந்தச் செய்தியைத் தலைவர் பெருமையாகவே எல்லோருக்கும் சொன்னார். இவர் வந்து எனக்குச் சொன்னார். "வேலை போகுமோ?" என்று கேட்டேன். "நிரூபிச்சா போகும்," என்றார் இவர், பேப்பரைப் புரட்டியபடி.

செவ்வாய் மாலை பயிற்சி. தாள் வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு போனேன், என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே. கொட்டகைக்கு வெளியே அவன் தனியாகச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். நான் மேசையில் இருந்து அவனைப் பார்த்தேனே தவிர, அவன் குரலை அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டேன். மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"மன்னிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில், எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? என் மேலாளர் வழியைத் தேடிப்பார்க்கலாம் என்கிறார். சங்கத்தில் உறையை வீசிவிட்டார்கள். இருந்திருந்தால் முத்திரையில் நாள் தெரிந்திருக்கும்."

கந்தோர் வாசல் பெட்டி, புதன்கிழமை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் ஒரு துண்டுத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, நான் சொல்வதை எழுதக் காத்து நின்றான். அந்தப் பேனாவைப் பார்த்தவுடன் முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை," என்றேன். "ஐந்தேகாலுக்கு. வேண்டுமென்றேதான்."

அவனுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், ஏழு கை, கைப்பை, மூன்று நாள். அவனை அவர்கள் கொடுப்பது அநியாயம் என்று நினைத்ததையும் சொன்னேன். ஓரத்தில் குத்துப் போட்ட கதையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் நன்றி வரும் என்று ஒரு முட்டாள்தனமான எதிர்பார்ப்பு எனக்கு இன்னும் இருந்தது.

அவன் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டான். "போகக் கேட்டதே நான்தான்," என்றான்.

எப்போது என்று கேட்டேன்.

மார்ச்சில் அவர்கள் கிழக்குப் பக்கம், ரிங்வூட் தாண்டி, வீடு வாங்கிப் போயிருக்கிறார்கள். மனைவிக்கு இப்போது ஏழு மாதம். வேலை முடிந்து இரண்டு ரயில் பிடித்துப் பயிற்சிக்கு வந்து, திரும்ப இரண்டு ரயில். ஏப்ரலிலேயே தலைவரிடம் கேட்டிருக்கிறான். தலைவர்தான், "நீ போக ஆசைப்படுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் நெட்டையனைத் தரமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிரு, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று சொல்லியிருக்கிறார். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அவனைப் பற்றிப் பத்து வாரம் கத்தினோம்.

"நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். பிறகு துண்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "என் மேலாளரிடம் நீங்களே சொல்வீர்களா?" என்று கேட்டான்.

சொல்வேன் என்றேன்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு யார் மேலே ஆத்திரம் என்றே தெரியவில்லை. தலைவர் மேலே, இவர் மேலே, ஏன், அவன் மேலேயும்தான். என் தாளில் இருந்த குத்தெல்லாம் சரி. ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆளைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை.

இவரிடம் சொன்னபோது சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். மதராஸ் நண்பரும் இருந்தார். எழும்பிப் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"எனக்கும் பொய் சொன்னனீர்," என்றார் இவர்.

"ஓம்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் சிரிச்சனீங்கள்."

"அது வேற. இது வேற."

"எனக்கு வேற இல்லை."

நண்பர் தொண்டையைச் செருமினார். "அக்கா சொல்றதும்..." என்று தொடங்கியவர், நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திவிட்டார். அன்று அந்த 'ஆனா' வரவில்லை.

மறுநாள் கந்தோரில் அரைநாள் லீவு போட்டு, தபால் கூடத்துக்குப் போனேன். இவரும் வந்தார். கூப்பிடவில்லை, தானாகவே ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மேலாளர் ஒரு மொட்டைத்தலைக் கிழவர். காபன் பிரதியைக் காட்டி, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னையும் என் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவும் ஒரு பந்து விளையாட்டுக்காகவா, அம்மா?" என்றார். அவர் ஃபைலை மூடினார். அவன் பெயரில் ஒன்றும் எழுதப்படாது என்று வாக்குக் கொடுத்தார்.

கழகத்தில் அவ்வளவு இலகுவாக முடியவில்லை. தலைவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். அந்த நாளில் மட்டும் அவர் வாயில் 'லவ்' வரவில்லை. அவன் ஏப்ரலிலேயே கேட்டதை நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று நானும் திருப்பிக் கேட்டேன். கூட்டத்தில் இருந்த பலருக்கு அது புதுச் செய்தி. சிலர் தலைவரைப் பார்த்தார்கள். ஆனாலும் என் பிழை பெரிய பிழை. மேசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது நியாயந்தான். தலைவர் தலைவராகவே இருந்தார். அது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அவன் அந்தப் பருவம் முழுக்க இரண்டு ரயில் பிடித்து வந்தான். சங்கத்துக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்த்தேன், சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி. மறுத்துவிட்டார்கள். மதராஸ் நண்பர் அதற்குள் ஓட்டுநர் லைசன்ஸ் எடுத்திருந்தார். அவரும் இவரும் பேசி, செவ்வாய்க்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் முறை வைத்து அவனைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் தடவை அவன் வேண்டாம் என்றான். இரண்டாம் தடவை மழை. ஏறிக்கொண்டான். காரில் என்ன கதைத்தீர்கள் என்று இவரைக் கேட்டேன். "ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு அறை பெயின்ட் அடிக்கிறானாம்," என்றார். எங்கள் அணி வழக்கம்போல நடுவில் முடிந்தது. நெட்டையன் இருந்திருந்தால் மேலே போயிருப்போமா, ஏழு போயிருந்தால் கீழே விழுந்திருப்போமா, ஒருவருக்கும் தெரியாது.

அக்டோபரில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான் பின்னிய ஒரு மஞ்சள் மேலங்கியை இவர் கையில் கொடுத்தனுப்பினேன். நன்றி என்று ஒரு சின்ன அட்டை தபாலில் வந்தது. மனைவியின் எழுத்து. அவன் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வருடம் அவன் கிழக்குக் கழகத்துக்குப் போனான். எந்த மாற்றமும் இல்லாமல், சும்மா, கேட்டான், கொடுத்தார்கள். மே மாதம் அவர்கள் எங்கள் கொட்டகைக்கு விளையாட வந்தார்கள். வேறு நிறச் சட்டை, வேறு இலக்கம். நான் வாங்கில் இருந்து பார்த்தேன். புது ஆள் மேசையில் தாள் எழுதினான். எங்கள் பழைய ஏழாம் இலக்கம் பந்தைக் கொண்டு ஏறிய விதத்தைப் பார்த்தால், முன்னைய வருடம் நாங்கள் பார்த்த ஆள் இவன்தானா என்றிருந்தது. வீட்டுக்குக் கிட்ட விளையாடுகிறான், நித்திரை கொள்கிறான் போலும். எங்கள் ஆட்கள் பந்தை நாலு தரம், ஐந்து தரம் பறிகொடுத்தார்கள்.

எனக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் மதராஸ் நண்பர். இரண்டாம் பாதியில் இவர் என் தலைக்கு மேலாகச் சாய்ந்தார்.

"தம்பி, இவனை விட்டது பெரிய பிழை. அண்டைக்கே நான் சொன்னனான்."

"ஆமா சார். நம்ம பன்னிரண்டாம் நம்பரக் குடுத்தா, இவனத் திருப்பித் தருவாங்களா?"

"பன்னிரண்டோட பதினாலையும் சேத்துக் குடுக்கலாம்."

நான் எழுந்தேன். எங்கே போகிறீர் என்று இவர் கேட்டார். சூப் வாங்க என்றேன். சூப் மேசையைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், கார்கள் நின்ற இடத்தில் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. யார் போட்டது என்று பார்க்க எனக்கு மனமில்லை.